வென்லொக் வீட்டுச் சம்பந்தம்

தங்கச்சி மனோ அன்றைக்கு சோபாவின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றிவிட்டிருந்தாள்.

ரொறன்ரோவின் ரூஜ் பகுதியில் அவள் வீடு வாங்கிய காலத்திலிருந்து அந்த சோபா உறையோடுதான் கிடந்தது. கோடையில் இருந்தால் தோல் ஒட்டும். எழும்பும்போது கிழிகிற மாதிரி ஒரு சத்தம் வரும். அவளுடைய மூத்த மகனின் கலியாணப் பேச்சுக்குக்கூட அது கழலவில்லை. உறையில்லாத அந்த சோபாவைக் கண்டவுடன் நான் அதில் இருக்காமல் நின்றுகொண்டேன்.

நாள், திகதி எல்லாம் என் டயறியில் இருக்கின்றன. ஆனால் எங்கள் குடும்ப வரலாறு பற்றி நான் பத்திரிகையில் எழுதும் இந்தத் தொடரைப் படிக்கும்போது பஞ்சாங்கம் படிக்கிற மாதிரி இருப்பதாகச் சிலர் குறைப்பட்டார்கள் என்று ஆசிரியர் எழுதியிருந்தார். ஆகவே ஒரு புரட்டாதிச் சனிக்கிழமை என்பதோடு விடுகிறேன். வாசலில் நின்ற மேப்பிள் மரத்தில் ஒரு கிளை மட்டும் மற்றக் கிளைகளை முந்திக்கொண்டு சிவந்திருந்தது.

"அண்ணை, உந்தத் தட்டை இஞ்சால தள்ளுங்கோ. வெள்ளைக்காரர் தட்டுவடை கடிப்பினமே? பல்லுக் கில்லு உடைஞ்சால்?"

"கடிப்பினம்."

"ஏன் ஒரு மாதிரி இருக்கிறியள்? பிரஷர் குளிசை போட்டனீங்களே?"

"போட்டனான்."

மனோ பயத்தம் பணியாரத்தை அடுக்கினாள். அடுக்கியதைக் கலைத்துத் திரும்ப அடுக்கினாள்.

"அவையின்ர ஜே.பி. கதையை அவை சொல்லட்டும். பிறகு நான் எங்கட முதலியாற்ற கதையைச் சொல்லுவன். நாங்களும் சும்மா அகதியா வந்து இறங்கின சனமில்லை எண்டு தெரியவேணுமெல்லே."

வரப்போகிற பெண்மணிக்கு நான் ஒரு வாக்குக் கொடுத்திருந்தேன். மனோவிடம் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுவதாக. அவர் வந்து இந்த சோபாவில் அமர்வதற்கு முன்னால் அதைச் சொல்லியாக வேண்டும். கார் வாசலில் வந்து நிற்கிற சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு, பணியாரத் தட்டைப் பார்த்தபடி நின்றேன்.

விசாரிப்பு

மனோவின் கணவர் காலமாகிச் சில வருடங்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஆண்கள் செய்ய வேண்டியதாகக் கருதப்படுகிற காரியங்கள் எல்லாம் வெக்ஸ்போர்ட்டில் தனியாக இருக்கிற என் தலையில் விழும். மூத்தவனின் கலியாணக் கார்ட் பிழைதிருத்தியது நான்தான். அதில் பிள்ளையார் படத்துக்குக் கீழே, மணமக்கள் பெயருக்கும் மேலே, பொன்னெழுத்தில் 'முதலியார் பரம்பரை' என்று ஒரு வரி. ஒல்லாந்தர் காலத்தில் எங்கள் மூதாதை ஒருவர் வாங்கிய பதவி; மனோவின் பிடிவாதம் அது.

இளையவள் அபிராமி பிசியோதெரபிஸ்ட். போன தை மாதம், டானியல் வென்லொக் என்ற பொடியனைக் கட்டப் போவதாகத் தாயிடம் சொல்லிவிட்டாள். மனோ உடனே எனக்கு போன் எடுத்தாள்.

"மரம் வெட்டுறவனாம், அண்ணை."

"அம்மா! ஹீ இஸ் அன் ஆர்பரிஸ்ட்!" என்று பின்னாலிருந்து அபியின் குரல். "மரத்துக்கு டொக்டர் மாதிரி!"

"மரத்துக்கு டொக்டராம். மனிசருக்கு டொக்டர் எத்தினை பேர் கேட்டு வந்தவை." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "வெள்ளையெண்டாப்போல விசாரியாமல் குடுக்கிறதே? நாளைக்கு ஏதும் எண்டால் சனம் என்னைத்தான் கேக்கும்."

எங்கள் ஆட்களுக்கு விசாரிப்பு என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. கேட்க வேண்டியதை உரியவர்களிடம் கேட்கக் கூடாது என்பதுதான் அதன் முதல் விதி. பக்கத்து வீட்டுக்காரர், படிப்பித்த வாத்தியார், சந்திக் கடைக்காரர் என்று சுற்றிவர நின்று கேட்க வேண்டும். ரொறன்ரோவில் அதற்கு ஊர்ச் சங்கத்தின் கோடைகால ஒன்றுகூடல் இருக்கிறது, கோயில் கார்த்தரிப்பிடம் இருக்கிறது. குடி உண்டா, பரம்பரை நோய் உண்டா, தாய் வழியில் யாருக்கும் மனநிலை சரியில்லாமல் போனதா என்று கேட்பார்கள்.

இவை வாயால் கேட்கிற கேள்விகள். இவற்றுக்கெல்லாம் முந்திய கேள்வி ஒன்று உண்டு. அதை யாரும் வாயால் கேட்பதில்லை. "எவடம்?" என்பார்கள். "ஆற்ற ஆக்கள்?" என்பார்கள். கேட்கப்படுவது சாதி என்று இருவருக்கும் தெரியும்.

"ஒரு நிம்மதி, அண்ணை," என்றாள் மனோ. "வெள்ளைக்குள்ள உது ஒண்டும் இல்லையெல்லே."

அபி மட்டும் தனியாக என்னைப் போனில் எடுத்துக் கெஞ்சினாள். "மாமா, ப்ளீஸ். டோன்ட் டூ யுவர் திங். ஆன்ட்டி ரூத்தான் டானுக்கு எல்லாம். அவ ஹேர்ட் ஆனா, ஐ வில் நெவர் ஃபர்கிவ் யூ."

"இல்லைப் பிள்ளை. நான் சும்மா வரலாறுதான் பாக்கிறன்."

ஒரே பெயர்

என் குடும்பப் பெயர் என் அப்பாவின் பெயர். என் மகனின் குடும்பப் பெயர் என் பெயர். பேரனுடையது மகனின் பெயர். வங்கியில், விமான நிலையத்தில், மூன்று தலைமுறை வரிசையாக நின்றாலும் ஒருவருக்கொருவர் அந்நியர் மாதிரித்தான் கணினி சொல்லும். எங்கள் பரம்பரையை ஏழு தலைமுறைக்கு எழுதி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு படியிலும் பெயர் மாறும்; ஒவ்வொரு படியிலும் சாட்சி தேடித்தான் ஏறியிருக்கிறேன்.

அப்படிப்பட்டவனுக்கு, முந்நூறு வருடத்துக்குக் கிட்ட மாறாமல் வருகிற ஒரு பெயரைக் கண்டால் எப்படி இருக்கும்? நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுப் பகுதியில் வென்லொக் என்ற பெயரைத் தேடத் தொடங்கியவன், மூன்றாம் நாளே மயங்கிப்போனேன்.

ஜோசையா வென்லொக். பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி. அமெரிக்கா இன்னும் பிரித்தானிய மன்னருக்குக் கீழே இருந்த காலம். ஹட்சன் ஆற்றோரத் துறைமுக ஊர் ஒன்றில் சொந்தத் துறை வைத்திருந்த வணிகர். மாவும் மரமும் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போகும். சர்க்கரைப்பாகும் ரம்மும் திரும்பி வரும். ஆளுநர் அவரை முதலில் சுங்க அதிகாரி ஆக்கினார், பிறகு சமாதான நீதவான்.

சமாதான நீதவான்! யாழ்ப்பாணத்தில் ஒருவர் பெயருக்குப் பின்னால் ஜே.பி. என்ற இரண்டு எழுத்து விழுந்தால் அவருடைய வாசல் படலையின் நிறமே மாறும். எங்கள் மாப்பிள்ளையின் மூதாதை ஒரு ஜே.பி.

இரண்டு மனைவியர், நிறையப் பிள்ளைகள். புரட்சி வந்தபோது மகன்மார் மன்னரின் பக்கம் நின்றார்கள். வீடும் துறையும் பறிபோயின. ஒரு மகன் படகேறி, ஒன்ராறியோ ஏரியின் இந்தக் கரைக்கு வந்து இறங்கினான். ரொறன்ரோவுக்குக் கிழக்கே இருக்கிற ஒரு சிற்றூர். அபி சொன்ன, டானின் ஆட்கள் இருக்கிற அதே ஊர். ஓடிவந்தவர்களின் பிள்ளைகள், எங்களைப் போலவேதான் என்று கொப்பியில் எழுதி அடியில் கோடு போட்டேன்.

அந்த மகனுக்கும் டானின் பூட்டனாருக்கும் நடுவில் இரண்டு தலைமுறை எனக்குக் கிடைக்கவில்லை. எங்கள் பரம்பரை என்றால் அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டிருப்பேன். பெயர்தான் ஒன்றாயிற்றே என்று இங்கே போடாமல் விட்டேன்.

மனோவிடம் சொன்னேன். அவள் மறுமுனையில் யாருக்கோ கத்திச் சொன்னாள்: "ஜே.பி. பரம்பரையாம்!"

கோப்பை துடைத்தவர்

குடி, நோய், மனநிலை மட்டும் மீதியிருந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த ஊருக்குக் காரோட்டிப் போனேன்.

ஏரியைப் பார்த்தபடி கல்லாலான ஒரு சிறு தேவாலயம். பூசை முடிந்து எல்லோரும் மண்டபத்தில் தேநீர் குடித்துவிட்டுக் கலைந்துகொண்டிருந்தார்கள். எனக்கும் யாரோ ஒரு கோப்பை தேநீரும் முட்டை சான்விச்சும் தந்தார்கள். தொட்டியடியில் உயரமான ஒரு முதிய பெண்மணி கோப்பைகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். வெளுத்த முகம், நீலக் கண்கள். கோயில் மடப்பள்ளியில் நிற்கிறவருக்கு ஊர் முழுவதும் தெரிந்திருக்கும் என்பது எங்கள் கணக்கு. கிட்டப் போனேன். ஆங்கிலத்தில் நடந்ததைத் தமிழில் தருகிறேன்.

"நான் வரலாற்றில் ஆர்வமுள்ளவன். வென்லொக் குடும்பத்தை உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்படிப்பட்டவர்கள்?"

"எந்த வகையில் கேட்கிறீர்கள்?"

"பொதுவாகத்தான். குடிப்பழக்கம் ஏதும்..."

"ஒரு தம்பி குடித்தான். பிறகு விட்டுவிட்டான்."

குறித்துக்கொண்டேன்.

"பரம்பரை நோய்கள்?"

"முழங்கால். எல்லோருக்கும் முழங்கால்."

"மனநிலை?"

"ஒரு பெரியம்மா கோழிகளோடு பேசுவார். கோழிகள் குறையேதும் சொல்லவில்லை."

அதையும் குறித்தேன். எவ்வளவு நல்ல சாட்சி கிடைத்திருக்கிறார் என்று நினைத்தபடி கடைசிக் கேள்விக்கு வந்தேன். "டானியல் என்று ஒரு இளைஞர் இருக்கிறாராமே. ஆள் எப்படி?"

அவர் துடைத்த துணியை நான்காக மடித்தார்.

"அவனைக் குழந்தையிலிருந்து வளர்த்தது நான். என் பெயர் ரூத் வென்லொக். நீங்கள்தான் திகதிகள் எழுதிவைக்கிற மாமா என்று நினைக்கிறேன்."

முட்டை சான்விச் தொண்டையில் நின்றுவிட்டது. அவர் தண்ணீர் பிடித்துத் தந்தார்.

"குடியுங்கள். முழங்காலை எழுதிவிட்டீர்கள்தானே?"

வேலிப்பக்கம்

எனக்கு ஓடிப்போய்க் காரில் ஏறினால் போதும் என்றிருந்தது. அபியின் குரல் காதுக்குள் கேட்டது. நிலைமையைச் சரிப்படுத்த எண்ணி, ஜோசையா வென்லொக்கைப் பற்றி மளமளவென்று பேசத் தொடங்கினேன். துறை, கப்பல், சுங்கம், சமாதான நீதவான். எங்கள் நாட்டில் ஜே.பி. என்றால் எவ்வளவு மதிப்பு என்றும் சொன்னேன்.

அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு, "வாருங்கள்," என்று கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார்.

வாசலுக்கு நேரே ஆளுயரக் கல். படகில் வந்த மகனுடையது. பெயருக்குக் கீழே பட்டம், பதவி, மனைவியர். நான் கொப்பியைத் திறந்தேன். அவர் நிற்காமல் நடந்துகொண்டிருந்தார். பின்வேலியோரம், மஞ்சள் பூப்பூத்த பற்றைகளுக்கு நடுவில், வயலில் பொறுக்கியெடுத்தது போன்ற கற்கள் சில நட்டு நின்றன. எழுத்து ஒன்றும் இல்லை.

"நாங்கள் இந்தப் பக்கம்," என்றார்.

எனக்கு உடனே விளங்கவில்லை.

"அந்த மகன் படகில் கொண்டுவந்தது ஒரு பசு, ஒரு சுவர்க்கடிகாரம், டைனா. எங்கள் வீட்டில் இந்த ஒழுங்கில்தான் சொல்வார்கள். டைனா, ஜோசையாவின் சமையலறையில் அடிமையாகப் பிறந்தவள். இங்கேயும் அடிமையாகவே இருந்தாள். கனடாவில் அப்படி இருக்கவில்லை என்று பலர் நினைக்கிறார்கள். அவளுடைய பிள்ளைகள் விடுதலையானபோது, குடும்பப் பெயர் என்னவென்று கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரிந்தது அந்த ஒரு பெயர்தான்."

நான் அவருடைய நீலக் கண்களைப் பார்த்திருக்க வேண்டும்.

"எங்களைக் கட்டச் சம்மதித்தவர்களைக் கட்டினோம். என் பாட்டனார் காலத்தில் எங்கள் கறுப்பு பார்க்கிறவர்களுக்குத் தெரியாமல் போய்விட்டது. நாங்கள் சொல்வதை மட்டும் விடவில்லை. அபியிடம் டான் முதல் மாதமே சொல்லிவிட்டான்."

"அபிக்குத் தெரியுமா?"

"தெரியும். தாயிடம் சொல்லப் பயப்படுகிறாள். ஏன் என்று எனக்குச் சரியாக விளங்கவில்லை."

எனக்கு விளங்கியது. விளங்கியதால் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நீங்கள் இங்கே வந்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் நான் உங்கள் தங்கையின் வீட்டுக்கு வருவதற்கு முன் அவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் உபசரிக்கிற வீட்டில் இருக்க எனக்கு விருப்பமில்லை. சொல்வீர்களா?"

"சொல்லுவேன்."

திரும்பி வரும்போது, "உங்கள் ஆட்கள் எப்படி?" என்று கேட்டார்.

"அவர்களும் வணிகர்கள். புகையிலை. பிறகு முதலியார் பதவி."

"பெரிய வீடா?"

"ஓம். பெரிய வீடு."

"அப்படியென்றால் சமையலறையும் பெரிதாக இருந்திருக்கும்," என்றார். குத்தலாகச் சொன்ன மாதிரித் தெரியவில்லை.

ஏஜக்ஸ் தாண்டும்போது

நெடுஞ்சாலையில் ஏஜக்ஸ் நகரைத் தாண்டும்போதுதான் எங்கள் முதலியார் நினைவுக்கு வந்தார். அவரைப் பற்றி இந்தத் தொடரின் தொடக்க வாரங்களில் விரிவாகவே எழுதியிருக்கிறேன். தோணியில் புகையிலைச் சிப்பம் ஏற்றித் திருவிதாங்கூருக்கு அனுப்பியவர். ஒல்லாந்தரிடம் பட்டமும் வாளும் வாங்கியவர். ஜோசையாவுக்கு ஏறக்குறைய சமகாலத்தவர். ஒருவரையொருவர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் இரண்டு பேரும் கடல் தாண்டி வந்தவர்களிடம் பதவி வாங்கினார்கள், துறையில் நின்று வரி எண்ணினார்கள், ஊராருக்குத் தீர்ப்புச் சொன்னார்கள். இரண்டு பேருக்கும் மூன்று வேளையும் யாரோ சமைத்துப் போட்டார்கள்.

அந்த யாரோவைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு சொற்றொடர் உண்டு. 'அடிமை குடிமையோட இருந்த ஆக்கள்.' வளவு, கிணறு, பனை, மாடு என்று அடுக்கிக்கொண்டு வந்து அதில் முடிப்பார்கள். அம்மா சொல்லுவா. மனோவும் சொல்லுவாள். ஒல்லாந்தர் காலத்தில் அது வெறும் பேச்சு இல்லை. ஆங்கிலேயர் சட்டம் போட்டு நிறுத்தும்வரை யாழ்ப்பாணத்தில் ஆட்களை விற்றார்கள், வாங்கினார்கள். அவர்களுடைய பிள்ளைகள் எங்கள் வீட்டில் பெண் கேட்டு வந்துவிடக் கூடாது என்பதற்காகத்தானே எங்களுடைய அந்தக் கேட்காத கேள்வி இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது.

மனோவிடம் எப்படிச் சொல்வது?

அந்தக் கிழமை போன் எடுத்தேன். நான் வாய் திறக்க முன்னம், "அண்ணை, லண்டன், மொன்றியல் எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்," என்றாள். "ஒருத்தரும் மூச்சு விடேல்லை. ஜே.பி. எண்டவுடன வாயடைச்சுப் போச்சினம்."

"மனோ, ஒரு விஷயம்..."

"பிறகு சொல்லுங்கோ, சித்தி லைனில நிக்கிறா."

பிறகு கோயிலுக்குக் கூட்டிப்போனேன். காரில் சொல்ல நினைத்தேன். தேர்முட்டியடியில் சொல்ல நினைத்தேன். சொன்னால், கலியாணம் நின்றுவிடும். அபி தாயை விட்டுப் போய்விடுவாள். சொல்லாவிட்டால், ரூத் வந்து இருப்பார். இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்ததில் நாட்கள் போய், புரட்டாதிச் சனிக்கிழமை வந்துவிட்டது.

உறையில்லாத சோபா

கார் வந்து நின்றது. டான் இறங்கியதும் வாசல் மேப்பிளிடம் போய், அந்தச் சிவந்த கிளையை அண்ணாந்து பார்த்துப் பட்டையில் கையை வைத்தான். நல்ல உயரம், கையெல்லாம் கீறல்.

"பொடியன் மரத்துக்கு நாடி பிடிக்குது," என்றாள் மனோ, யன்னலால் பார்த்து. சிரித்தாள். நல்ல மனநிலையில் இருந்தாள்.

ரூத் அப்பிள் ஜாம் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். சோபாவில் மெல்ல இறங்கும்போது என்னை ஒரு பார்வை பார்த்து, "முழங்கால்," என்றார்.

மனோவுக்கு ஆங்கிலம் தெரியாமலில்லை. எத்தனையோ வருடம் பக்டரியில் வேலை செய்தவள். ஆனால் சம்பந்தம் பேசுகிற இடத்தில் தமிழ்தான் என்று இருந்தாள். அபி நடுவில் கதிரை போட்டு இருந்து மொழிபெயர்த்தாள். தேநீர் வந்தது. ரூத் தட்டுவடையைக் கடித்தார், பல் உடையவில்லை. டான் பயத்தம் பணியாரம் மூன்றாவதுக்குக் கை நீட்டினான். எனக்கு ஒரு கணம், இப்படியே முடிந்துவிடும் போல இருந்தது.

அப்போது ரூத் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார். "உங்கள் அண்ணா எங்கள் குடும்பத்தைப் பற்றி எல்லாம் சொல்லியிருப்பார். தெரிந்தும் எங்களை இப்படி வரவேற்கிறீர்கள். எனக்குப் பெரிய ஆறுதல்."

அபி சடாரென்று என் பக்கம் திரும்பினாள். பிறகு மெதுவாக, "உங்களுக்கு எல்லாம் தெரியும்தானே எண்டு சொல்றா, அம்மா," என்றாள்.

"ஓம், ஓம். அண்ணை எல்லாம் சொன்னவர். பெரிய குடும்பமெண்டு." மனோ நிமிர்ந்து இருந்தாள். "எங்கடையும் சின்ன இடமில்லை எண்டு சொல்லு பிள்ளை. முதலியார் பரம்பரை. வளவு நிறைய அடிமை குடிமையோட இருந்த ஆக்கள்."

அபி டானைப் பார்த்தாள்.

"என்ன சொல்கிறார்?" என்றார் ரூத், சிரித்த முகத்தோடு.

"ஷீ செட்..." அபியின் குரல் நின்றுவிட்டது.

"ஏன் நிக்கிறாய்? இங்கிலீஷ் தெரியாதே? இஞ்ச படிச்ச பிள்ளை." மனோ முன்னுக்குச் சாய்ந்து, ரூத்தின் முகத்தைப் பார்த்துத் தானே சொன்னாள். "சிலேவ்ஸ். அவர் ஹவுஸ். மெனி, மெனி."

 ரூத் கோப்பையை மேசையில் வைத்தார். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் அது இப்போது வேறு யாருடையதோ போல இருந்தது. டான் எழுந்து நின்றான். "ரூத், லெட்ஸ் கோ."

"ப்ளீஸ்," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பவும் சொன்னேன். "அவளுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. உங்களை அவமதிக்கச் சொன்னதில்லை. அவளுக்கு ஒன்றுமே தெரியாது."

பிறகு மனோவின் பக்கம் திரும்பி, தமிழில், டைனாவில் தொடங்கிச் சொன்னேன். பசு, கடிகாரம், சமையலறை, பெயர், வேலியோரத்துக் கற்கள். நடுவில் அவள் ஒருதரம் மட்டும் குறுக்கிட்டாள்.

"பாக்க வெள்ளையெல்லே?"

"ஓம்."

"அப்ப அந்த ஜே.பி.?"

"அவற்ற வீட்டில நிண்ட ஆக்கள்."

மனோ அபியைப் பார்த்தாள். "உனக்கும் தெரியுமே?"

"ஓம் அம்மா."

மனோ தன் இரண்டு கைகளையும் சேலைத் தலைப்புக்குள் விட்டுக்கொண்டாள். அவளுக்கு அறுபத்தைந்துக்கு மேல். அவள் இப்படிக் கையை மறைத்து நான் பார்த்தது, கணவரின் செத்தவீட்டில் ஒருதரம்தான். டான் இன்னும் நின்றுகொண்டிருந்தான்.

"அந்தப் பிள்ளைக்கு என்ன பேர் எண்டனீங்கள்?"

"டைனா."

"தாய் தேப்பன்?"

ரூத்திடம் கேட்டேன். தெரியாது என்றார்.

"எந்த ஊராம்?"

அதையும் கேட்டேன். "தெரியாது. ஆபிரிக்காவில் எங்கோ. அவளுடைய தாய் கப்பலில் வந்திருக்கலாம் என்று நினைக்கிறோம். அந்தப் பெயரும் இல்லை."

நான் சொன்னதை மனோ கேட்டாள். யாரைக் கண்டாலும் முதலில் ஊர் கேட்டுப் பழகியவள். 

 ரூத் மனோவையே பார்த்துக் கேட்டார். "உங்கள் வீட்டில் இருந்தவர்களுக்கு என்ன பெயர்?"

மனோ மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்கவில்லை. என் பக்கம் திரும்பினாள். "அண்ணை, உங்களுக்குத்தானே எல்லாம் தெரியும். சொல்லுங்கோவன்."

முதலியாரின் பட்டம் எனக்குத் தெரியும். பட்டம் கிடைத்த வருடம் தெரியும். அவருடைய குதிரையின் பெயர்கூடத் தெரியும், கறுவல்.

"தெரியாது," என்றேன். ரூத்துக்கு ஆங்கிலத்திலும் சொன்னேன்.

"யாரும் எழுதிவைக்கவில்லையா?"

"இல்லை."

"எங்களுடையதையும் யாரும் எழுதிவைக்கவில்லை," என்றார். சோபாவின் கையைப் பிடித்து எழும்பினார். தேநீருக்கு மனோவிடம் நன்றி சொன்னார். மனோ எழும்பினாள், கதவுவரை போனாள்.

அபி என்னைக் கார்ப்பாதையில் பிடித்துக்கொண்டாள். கண்ணெல்லாம் சிவப்பு. "யூ நியூ, மாமா? தெரிஞ்சுகொண்டு அம்மாவை அப்பிடிச் சொல்ல விட்டனீங்களா?"

"நீயும் சொல்லேல்லையே, பிள்ளை."

"ஐ வாஸ் ஸ்கேர்ட்."

"நானும்தான்."

அவள் காரில் ஏறி டானோடு போய்விட்டாள்.

இடம்

அதற்குப் பிறகு மனோ என்னோடு பேசவில்லை. தினம் இரண்டு தரம் போன் எடுக்கிறவள். நான் எடுத்தால் மணி அடித்து ஓயும். தீபாவளி வந்து போயிற்று. போன் கிணுகிணுத்தால் ஓடிப்போவேன்; பார்த்தால் வீட்டுக் காற்றுக்குழாய் துப்புரவு செய்யவா என்று கேட்கிற விளம்பரக்காரர்கள்.

அபி இடையில் ஒருதரம் எடுத்தாள். "அம்மா என்னோட கதைக்கிறா, பட் ஒன்லி அபவுட் சாப்பாடு."

"டான்?"

"டான் வந்து அந்தக் கிளையை வெட்டினவன். வருத்தமாம் அந்த மரத்துக்கு. அம்மா ஒண்டும் சொல்லேல்லை. தேத்தண்ணி குடுத்தவ. உள்ள வரச் சொல்லேல்லை, மாமா. வாசல்ல வைச்சுக் குடுத்தவ."

எந்தக் கோப்பையில் கொடுத்தாள் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. எங்கள் ஊரில் வாசலில் வைத்துத் தேநீர் கொடுப்பது யாருக்கு என்று எனக்குத் தெரியும், அபிக்குத் தெரியாது. 

முதல் பனி விழுந்த கிழமை, வட்ஸ்அப்பில் மனோவிடமிருந்து ஒரு படம் வந்தது. கூடவே ஒரு வரி. 'அண்ணை பிழை பாருங்கோ.'

கலியாணக் கார்ட்.

கண்ணாடியைத் தேடிப் போட்டேன். வழக்கம்போல முதலில் திகதியையும் கிழமையையும் ஒத்துப் பார்த்தேன். பொருந்தின. முகூர்த்த நேரம் சரி. மணமகன் பக்கத்தில், 'செல்வி ரூத் வென்லொக் அவர்களின் அன்பு வளர்ப்பு மகன்' என்றிருந்தது. மணமகள் பக்கத்தில் காலஞ்சென்ற மச்சானின் பெயர், மனோவின் பெயர், எங்கள் அப்பா அம்மாவின் பெயர். எழுத்துப் பிழை ஒன்றும் இல்லை. மூத்தவனின் கார்ட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்து, வரி வரியாகத் திரும்பவும் பார்த்தேன்.

மனோவுக்கு எடுத்தேன். இந்தமுறை எடுத்தாள். தாச்சியில் எண்ணெய் பொரிகிற சத்தம் கேட்டது.

"மனோ, ஒரு வரி விடுபட்டுப்போச்சு. முதலியார் பரம்பரை எண்டு மேல போடுறது."

எண்ணெய் பொரிந்துகொண்டிருந்தது. அகப்பையைத் தட்டி வைக்கிற சத்தம் கேட்டது.

"இடம் காணாது, அண்ணை."

கார்ட்டைப் பார்த்தேன். பிள்ளையாருக்குக் கீழே இரண்டு விரல் அகலத்துக்கு வெறுமையாகக் கிடந்தது.

"ஓம்," என்றேன். "காணாதுதான்."

"வேற பிழை இருக்கே?"

"இல்லை, மனோ. அடிக்கச் சொல்லு."